“நைனா மேல கொடி போர்த்தணும்”: ஓய்வுபெற்ற படைவீரரின் இறுதி மரியாதையில் குடும்பம் எதைக் கேட்கலாம், எதைச் செய்யக் கூடாது?

ஆந்திர மாநிலம் நகரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு பேசும் விசைத்தறிக் குடும்பம். அவருடைய அப்பா (வீட்டில் ‘நைனா’) திருத்தணி பக்கத்து கிராமத்தில் பிறந்து, மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து, 1971 போரில் மேற்கு முனையில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். திருமணத்துக்குப் பிறகு மாமனார் ஊரான நகரிப் பக்கம் குடியேறிவிட்டார். இப்போது புற்றுநோய். “வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மருத்துவர்கள் அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் இரவு நைனா சொன்னாராம்: “எங்க செட்டுல போனவனுங்களுக்கு அங்கயே கொள்ளி வச்சுட்டு வந்தோம். எனக்காவது கொடி போர்த்தி அனுப்புங்கம்மா.”

அதிலிருந்து வீட்டில் பேச்சு வளர்ந்துவிட்டது. ராணுவ மரியாதை நைனாவின் உரிமை, தராவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார் ஒருவர். சென்னையில் இருக்கும் அண்ணன், அமெரிக்காவில் ஒரு முன்னாள் வீரரின் அடக்கத்தின்போது போர் விமானங்கள் தலைக்கு மேல் பறந்த காணொளியைக் காட்டி, “அரக்கோணத்தில் விமானத் தளம் இருக்கு. ஒரு ஹெலிகாப்டராவது வரக் கூடாதா? இல்லன்னா நானே டிரோன்ல பூ போடறேன்” என்கிறார். ராணுவத்தில் இருந்த சித்தப்பா தன் லைசென்ஸ் துப்பாக்கியால் வானத்தில் சுடுவதாகச் சொல்கிறார். ‘குண்டு முழக்கம், பேண்டு, ஹெலிகாப்டர் பூ எல்லாம் ஏற்பாடு செய்து தருகிறேன், 40,000 ரூபாய் முன்பணம்’ என்று ஒருவர் வந்து போயிருக்கிறார். யாரும் வராவிட்டால் கடையில் கொடி வாங்கி நாமே போர்த்திவிடலாமா என்பது வாசகியின் கேள்வி. நைனாவின் முன்னாள் படைவீரர் அட்டை திருவள்ளூரில் வாங்கியது, ஆதார் ஆந்திர முகவரியில் இருக்கிறது, எந்த மாநிலத்தைக் கேட்பது என்பது இன்னொரு கேள்வி. கடைசியாக, கொடியை யார் கையில் தருவார்கள்? மூத்த பிள்ளை என்று அண்ணன் தனக்குத்தான் என்கிறாராம்.

அன்புச் சகோதரிக்கு,

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பணியில் இருக்கும்போது இறக்கிற வீரருக்கு ராணுவ மரியாதை செய்வது பொதுவாகப் படையின் கடமை. ஓய்வுபெற்ற ஒவ்வொருவருக்கும் அதைக் கட்டாயம் தர வேண்டும் என்று நம் நாட்டில் நாடாளுமன்றச் சட்டம் ஏதும் இல்லை. வீர விருது பெற்றவர்களுக்கும் உயர் பதவியில் இருந்தவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. மற்றவர்களைப் பொறுத்தவரை, பக்கத்துத் தளத்தில் ஆள் இருக்கிறதா, தகவல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, அங்கே இருக்கிற அதிகாரி மனது வைத்தாரா என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

நைனாவிடம் பஸ்சிமி ஸ்டாரும் சங்கிராம் மெடலும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெருமைக்குரியவை, சந்தேகமில்லை. ஆனால் அவை 1971 போரில் பணியாற்றியதற்காகத் தரப்பட்டவை. வீர் சக்ரா, சேனா மெடல் போல, களத்தில் காட்டிய தனிப்பட்ட வீரத்துக்கான விருதுகள் அல்ல. “மெடல் இருக்கு, அதனால உரிமை” என்று உங்கள் வீட்டில் யாரோ சொன்னது இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. கோரிக்கை வைக்கும்போது இந்தப் பதக்கங்களைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். 1971 போர்க்களம் கண்டவர் என்றால் எந்த ராணுவ அலுவலகத்திலும் காது கொடுத்துக் கேட்பார்கள். அதை உரிமை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

அதனால் கோர்ட் யோசனையை விட்டுவிடுங்கள். உயர் நீதிமன்றத்தில் ஓர் அதிகாரியை ‘இதைச் செய்’ என்று ஆணையிடச் சொல்ல வேண்டுமானால், சட்டப்படி நமக்கு உரிமையும் அவருக்குக் கடமையும் இருக்க வேண்டும். இங்கே இரண்டுமே தெளிவாக இல்லை. நைனாவை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு அமராவதியில் உள்ள உயர் நீதிமன்றத்துக்கு ஓடுகிற நிலைமை உங்கள் வீட்டுக்கு வர வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது, நம் ஊர்ச் செய்திகள் உண்டாக்கிய குழப்பம் அது. அரசு மரியாதை வேறு, போலீஸ் மரியாதை வேறு, ராணுவ மரியாதை வேறு. 2020 செப்டம்பரில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தை உங்கள் ஊரிலிருந்து அதிகத் தூரமில்லாத தாமரைப்பாக்கத்தில் அடக்கம் செய்தபோது 72 குண்டுகள் முழங்கின. அது தமிழ்நாடு அரசின் முடிவு. 24 காவலர்கள், ஆளுக்கு மூன்று முறை. உடல் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் அறிவித்ததும் அப்படித்தான், மாநில அரசின் கொள்கை. இவற்றில் எதுவும் ராணுவத்தைக் கட்டுப்படுத்தாது. ‘21 குண்டு’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது குடியரசுத் தலைவர் போன்றவர்களுக்குப் பீரங்கியால் செய்யப்படுவது. சுடுகாட்டில் வீரர்கள் ரைஃபிளால் வெற்றுத் தோட்டா சுடுவது மூன்று சுற்று. எட்டுப் பேர் வந்தால் 24, பத்துப் பேர் வந்தால் 30. எண்ணிக்கையை வைத்து மரியாதையை அளக்க வேண்டாம்.

விமானம் வருமா?

அண்ணன் காட்டிய காணொளியில், சேர்ந்து வரும் விமானங்களிலிருந்து ஒன்று மட்டும் விலகி நேர் மேலே ஏறி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் அதை ‘மிஸ்ஸிங் மேன்’ அணிவகுப்பு என்பார்கள். விமானிகள் தங்களில் ஒருவரை இழந்தபோது செய்யும் மரபு அது. அங்கேயும் எல்லா முன்னாள் வீரர்களுக்கும் அது கிடைப்பதில்லை. அந்த நாட்டுச் சட்டப்படி 2000 ஆம் ஆண்டிலிருந்து தகுதியுள்ள ஒவ்வொரு முன்னாள் வீரருக்கும் உறுதியாகக் கிடைப்பது மூன்றுதான்: சீருடையில் இரண்டு பேர் வருவார்கள், கொடியை மடித்துக் குடும்பத்திடம் தருவார்கள், ‘டேப்ஸ்’ என்ற பியூகிள் (ராணுவ ஊதுகொம்பு) இசை ஒலிக்கும். அந்த பியூகிளை ஊத ஆள் போதாமல், உள்ளே மின்னணுக் கருவி பொருத்திய பியூகிளை வாயில் வைத்து ஊதுவதுபோல் நிற்பதும் அங்கே வழக்கத்துக்கு வந்துவிட்டது. காணொளியில் வருவது அந்த ஊரின் பொது நடப்பு என்று அண்ணன் நினைத்தது தவறு.

நம் நாட்டில் இது இன்னும் அபூர்வம். 2017 செப்டம்பரில் விமானப்படை மார்ஷல் அர்ஜன் சிங்குக்கு டெல்லி பிரார் சதுக்கத்தில் 17 பீரங்கிக் குண்டு மரியாதையும் விமான அணிவகுப்பும் நடந்தன. அவர் 1965 போரில் விமானப்படைத் தளபதி. அந்தப் படையில் ஐந்து நட்சத்திரப் பதவி பெற்ற ஒரே ஒருவர். தரைப்படையின் ஃபீல்ட் மார்ஷல் சாம் மானெக்‌ஷா 2008 ஜூனில் நீலகிரியில் உள்ள வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். 1971 வெற்றியின் தளபதி. நைனாவின் ரெஜிமென்ட் மையம் இருக்கிற அதே வெலிங்டன். ஊட்டியில் அடக்கம் நடந்தபோது, டெல்லியிலிருந்து வர வேண்டிய பெரியவர்கள் பலர் வரவில்லை என்று நாடே குறைப்பட்டது. ஃபீல்ட் மார்ஷலுக்கே அந்த நிலை என்றால், ஹவில்தார் வீட்டார் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்பேன்.

கொரோனா காலத்தில் ஹெலிகாப்டரில் பூ தூவினார்களே என்று அண்ணன் கேட்கலாம். 2020 மே 3 அன்று மருத்துவமனைகளின் மேல் நடந்த அது, நாடு முழுவதற்கும் மேலிடம் எடுத்த ஒரு முடிவு. குடும்பம் மனு கொடுத்து வாங்கக்கூடியது அல்ல. அரக்கோணத்தில் இருப்பது ஐ.என்.எஸ். ராஜாளி, 1992 இல் தொடங்கிய கடற்படை விமானத் தளம். கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள் அங்கிருந்து புறப்படுகின்றன. நைனா தரைப்படைக்காரர். கடிதம் எழுதினால் யாரும் தண்டிக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கடிதத்துக்கு அலைகிற நாளில் சித்தூர் சைனிக் அலுவலகத்துக்கு (முன்னாள் படைவீரர் நல அலுவலகம்) போய் வந்தால் பலன் உண்டு.

டிரோனா? 2021 டிரோன் விதிகளின்படி, பறக்கவிடும் இடம் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டும். பச்சை மண்டலம் என்றால், பதிவு செய்த டிரோனும் விதி தெரிந்த ஆளும் இருந்தால் தடை இருக்காது. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், பியூகிள் ஒலிக்கிற நேரத்தில் தலைக்கு மேல் குளவிக் கூட்டம்போல் இரைகிற ஒன்று வேண்டவே வேண்டாம்.

கொடியை நாமே போர்த்தலாமா?

கூடாது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

1971 ஆம் ஆண்டு தேசிய மரியாதைக்கு இழிவு செய்வதைத் தடுக்கும் சட்டத்தின்படி, தேசியக் கொடியைப் போர்வையாகப் பயன்படுத்துவது குற்றம். அரசு இறுதிச்சடங்கு, ஆயுதப்படை மற்றும் துணை ராணுவப் படைகளின் இறுதிச்சடங்கு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். யார் வந்து கேஸ் போடப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். 2021 தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் பிலிபித் பகுதியில், டெல்லி விவசாயிகள் போராட்டத்துக்குப் போய் இறந்த ஒருவரின் உடலில் கொடி போர்த்தியதற்காக அவருடைய தாயார் மேலேயே வழக்குப் பதிவானது. நல்லெண்ணத்தில் செய்தோம் என்பது பிறகு நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்ள உதவும். வழக்கு வராமல் தடுக்காது. உங்கள் ஊரில் நிலத் தகராறோ கட்சித் தகராறோ உள்ள ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தால் போதும்.

“வீடுதோறும் கொடி ஏற்றச் சொல்கிறார்களே” என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பத்தில் கொடியை மரியாதையோடு ஏற்றுவது குடிமகனின் கருத்துரிமையில் அடங்கும் என்று 2004 இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு உடலில் போர்த்துவதற்கு அனுமதி அல்ல. நைனாவின் வீட்டு வாசலில் கம்பம் நட்டுக் கொடியைப் பறக்கவிடலாம், முழுக் கம்பத்தில். துக்கம் என்று அரைக்கம்பத்துக்கு இறக்கக் கூடாது. குறிப்பிட்ட பதவிகளில் இருந்தவர்கள் இறக்கும்போது அரசு அறிவித்தால்தான் அதைச் செய்யலாம். இன்னொன்று, யாரும் கவனிக்காதது: ‘கண்ணீர் அஞ்சலி’ ஃபிளெக்ஸில் மூவர்ணத்தைப் பின்னணியாகப் போட்டு அதன் மேலேயே பெயரையும் தேதியையும் அச்சடிக்கிறார்கள். கொடியின் படமும் சட்டத்தின் கண்ணில் கொடிதான், அதன் மேல் எழுதுவதும் அதே சட்டத்தில் குற்றம். ஃபிளெக்ஸ் கடைக்காரர் காட்டுகிற முதல் மாதிரியே அப்படித்தான் இருக்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ராணுவக் குழுவே வந்து போர்த்தினால், காவி நிறம் தலைப் பக்கம் இருக்கும். சிதையில் வைக்கும் முன் எடுத்துவிடுவார்கள். கொடியை எரிக்கவோ குழிக்குள் இறக்கவோ கூடாது. மடித்துக் குடும்பத்திடம் தருவார்கள். அதை வாங்க வேண்டியவர், உயிரோடு இருக்கும் மனைவி, அதாவது உங்கள் அம்மா. படைப் பதிவேட்டில் நெருங்கிய உறவாக இருப்பதும் அவர்தான். அம்மா சுடுகாட்டுக்கு வருகிற வழக்கம் உங்கள் வீட்டில் இல்லை என்றால், கொடி மரியாதையை வீட்டு வாசலிலேயே முடித்து அங்கேயே அம்மா கையில் தரும்படி குழுத் தலைவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மூத்த மகன் என்பதால் அண்ணனுக்குக் கொள்ளி வைக்கும் கடமை இருக்கிறது, அது அவருடையது. கொடியில் மூத்த பிள்ளை கணக்கு இல்லை. அம்மா விரும்பி உங்கள் கையில் கொடுக்கச் சொன்னாலும் தடுக்க யாரும் இல்லை.

சித்தப்பாவின் துப்பாக்கி, வந்து போன தரகர்

சித்தப்பாவின் பாசம் புரிகிறது. 2019 இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, விழாவோ சடங்கோ, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகச் சுடுவது தனிக் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸும் போகும். ராணுவ மரியாதையில் சுடுவது வெற்றுத் தோட்டா. சித்தப்பா வைத்திருப்பது வேட்டைத் தோட்டா, மேலே போனது கீழே வரும்.

40,000 ரூபாய்க்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ராணுவ மரியாதைக்குக் கட்டணம் கிடையாது, ஏஜென்ட் கிடையாது. சீருடை மாதிரி ஏதோ ஒன்றை மாட்டி நாலு பேரை அழைத்து வருவதுதான் அவர் ஏற்பாடாக இருக்கும். படையில் இல்லாதவர் படைவீரர் என்று நம்பவைக்கும்படி உடுத்துவதே குற்றம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே நைனாவைப் படுக்கவைக்கிற அவமானம் வேறு. முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், ரசீதோ யுபிஐ பதிவோ கைப்பேசியில் இருக்கும். அதோடு காவல் நிலையத்தில் புகார் தரலாம்.

நைனா உண்மையில் எதைக் கேட்கிறார்?

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அவருடைய அந்த வாக்கியத்தைத்தான். மூவர்ணம் போர்த்திய பெட்டி விமானத்தில் வந்து, ஊரே திரண்டு, கலெக்டர் மாலை வைக்கிற காட்சி நமக்குப் பழகியது 1999 கார்கில் போருக்குப் பிறகு. அதற்கு முந்தைய போர்களில் முனையில் இறந்தவர்களைப் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே எரித்தார்கள், அல்லது புதைத்தார்கள். வீட்டுக்குப் போனது ஒரு தந்தி, பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி. 1971 இல் நைனாவுக்கு வயது இருபத்து சொச்சம். கூடப் பயிற்சி எடுத்தவனுக்குத் தன் கையால் தீ வைத்துவிட்டு, அவனுடைய அம்மாவின் முகத்தைக் கடைசிவரை பார்க்காமலேயே வயதாகிவிட்ட மனிதர். “எனக்காவது” என்று அவர் சொல்வதில் தனக்காகக் கேட்பது எவ்வளவு, அவர்களுக்காகக் கேட்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அவரிடமே கேட்கலாமே. நீங்கள் ஆறு பேர் கூடிப் பேசியிருக்கிறீர்கள். நைனாவிடம் யாரும் உட்கார்ந்து கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

வலி குறைந்திருக்கிற ஒரு காலைப் பொழுதில் கேளுங்கள். அந்த செட்டில் யார் யார், எந்த ஊர், பேர் என்ன, எங்கே எரித்தீர்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அவர்களில் யாராவது இன்றும் இருந்தால் கைப்பேசியில் பேசவைக்கலாம். வேலூர், திருப்பத்தூர், சித்தூர்ப் பக்கம் ஊருக்கு ஊர் மிலிட்டரி வீடு உண்டு. வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். முன்னாள் வீரர்கள் சங்கம் மூலம் விசாரித்தால் அதே ரெஜிமென்ட் ஆட்கள் சிலராவது கிடைப்பார்கள். சட்டத்தின் அனுமதி தேவையில்லாத மரியாதை அவர்கள் கையில்தான் இருக்கிறது. கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வரலாம், நைனாவின் பதக்கங்களையும் தொப்பியையும் தலையணையில் வைத்து ஏந்தி வரலாம், பாடையைத் தோளில் சுமக்கலாம், அட்டென்ஷனில் நின்று சல்யூட் அடிக்கலாம். “வீர மதராசி, அடி கொல்லு அடி கொல்லு” என்ற ரெஜிமென்ட் முழக்கத்தை அவர்கள் எழுப்பினால் அதைத் தடுக்கிற சட்டம் எதுவும் இல்லை. ‘லாஸ்ட் போஸ்ட்’ என்ற இறுதி அஞ்சலி இசையை பியூகிளில் ஊத முன்னாள் பேண்டுக்காரர் ஒருவர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் ஒலிக்கவிடுங்கள், மேலே சொன்ன மின்னணு பியூகிளைவிட அது ஒன்றும் மட்டமில்லை. அந்த ஒரு நிமிடம் பறையையும் சரவெடியையும் நிறுத்தச் சொல்ல மட்டும் ஒரு ஆளைப் பொறுப்பாகப் போடுங்கள். நம் ஊர்ச் சாவில் அதுதான் கஷ்டமான வேலை.

அவர் கண்ணால் பார்க்கும்படியான மரியாதைக்கும் வழி இருக்கிறது. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், நம் வீட்டில் போகிப் பண்டிகை நாள் வாக்கில் வரும். டிசம்பர் 16 வெற்றி தினம். அந்த நாட்களில் 1971 வீரர்களைக் கூப்பிட்டோ வீடு தேடி வந்தோ சால்வை போடுவதுண்டு. படுக்கையில் இருப்பவர் என்று சைனிக் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தேதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இப்போதே வரச் சொல்லியும் கேட்கலாம்.

ஆந்திராவா, தமிழ்நாடா?

நைனா பிறந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1 எல்லை மாற்றத்தில் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அவர் ராணுவத்தில் சேர்ந்தது தமிழ்நாட்டுக்காரராக, குடியிருப்பது ஆந்திரத்தில். எல்லையோரத்தில் இப்படி நிறைய வீடுகள் உண்டு, அலுவலகங்களுக்கும் இது புதிதல்ல. ராணுவத்துக்கு மாநிலம் ஒரு பொருட்டில்லை. மாநில அரசின் நல உதவிகளுக்குத்தான் அது முக்கியம். நிரந்தரமாக எங்கே வசிக்கிறாரோ அந்த மாவட்டத்தில் பதிவு இருக்க வேண்டும். திருவள்ளூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து பதிவைச் சித்தூருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இரண்டு மாநிலத்திலும் ஒரே உதவியை வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பிறகு திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

அங்கே போகும்போது டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை), முன்னாள் படைவீரர் அட்டை, பதக்க விவரம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: இறந்தவுடன் யாருக்கு எந்த எண்ணில் தகவல் சொல்வது, நல அலுவலர் வந்து மலர்வளையம் வைப்பாரா, ஈமச்சடங்கு உதவித்தொகை உண்டா. வீரர்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டின் வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீஸுக்கும் சென்னையில் உள்ள தக்ஷிண் பாரத் ஏரியா தலைமையகத்துக்கும் ஒரு பக்கக் கடிதம் போதும்: பெயர், படை எண், 1971 போர், இப்போதைய உடல்நிலை, குடும்பத்தின் வேண்டுகோள். சென்னையில் இருக்கிற அண்ணனுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். விமானத்தைவிட இது அவரால் முடிகிற வேலை. முன்கூட்டியே கடிதம் போயிருந்தால், அன்றைக்கு நீங்கள் போன் செய்யும்போது மறுமுனையில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்கும். ஆட்கள் வர நேரம் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். காலையில் உயிர் போனால் மாலைக்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் அவசரப்பட்டால், மறுநாள் காலைவரை வைக்க அம்மாவின் சம்மதத்தை இப்போதே வாங்கி வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன், என் மேசைக்கு வருகிற எல்லை ஊர் வழக்குகளில் பாதி இதுதான். அம்மாவின் குடும்ப ஓய்வூதியம். பி.பி.ஓ.வில் அம்மாவின் பெயர் தமிழ் முறையில் முதலெழுத்தோடு இருக்கும். ஆந்திர ஆதாரில் வீட்டுப் பெயர் முன்னால் சேர்ந்து வேறு ஆள் மாதிரி ஆகியிருக்கும். பிறந்த தேதியும் பொருந்தாது. நைனா இருக்கும்போது அவர் கையெழுத்தோடு ‘ஸ்பர்ஷ்’ என்ற படைவீரர் ஓய்வூதிய இணையதளத்திலோ ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகவோ திருத்துவது எளிது. அவர் போன பிறகு அம்மா தன்னைத் தானே நிரூபிக்க அலைய வேண்டும். தகராறு முற்றினால் அதற்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது, ஆந்திரமும் அதன் எல்லைக்குள்தான். ஆனால் அதுவரை போகவிடாதீர்கள். இறப்புக்குப் பிறகு நைனாவின் கணக்கில் வருகிற ஓய்வூதியத்தை எடுக்காமல் உடனே தகவல் கொடுங்கள், எடுத்தால் பிடித்தம் செய்வார்கள். பி.பி.ஓ., அம்மாவின் ஆதார், திருமணம் பதிவான டிஸ்சார்ஜ் புத்தகப் பக்கம் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாத இடம் இருந்தால் அந்த நகல்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், திருத்த விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.